பார்க்காத பட்டணம்

சென்னையில் குடியிருப்பவர்களுக்கு, வெளியூரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் ஒரு கவலையும் கூடவே வந்துவிடுகிறது. அவர்களை எங்கே அழைத்துச் செல்வது? கடற்கரை, கபாலீசுவரர் கோயில், தியாகராய நகர் ஜவுளிக் கடை - இம்மூன்றும் ஆனதும் பட்டணம் தீர்ந்து போயிற்றென்று வீட்டு எஜமானர் கையை விரித்துவிடுகிறார். எமது வகுப்பிலுள்ள பிள்ளைகள், லண்டன் மாநகரில் ஓடும் நதியின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தாம் அன்றாடம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாலோ, "குழாயிலிருந்து, ஸார்!" என்று பதில் வருகிறது.

நமது நகரத்துக்கும் பருவங்கள் உண்டு. அந்தந்தப் பருவத்தில் போய்க் காண வேண்டிய இடங்களும் உண்டு. அதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. விடியற்காலையில் எழுந்திருக்கும் உறுதியும் ஒரு கட்டுச்சாத மூட்டையும் போதும்.

ஐப்பசி கார்த்திகையிலிருந்து தொடங்குவோம். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி இந்தக் காலத்தில்தான் பெய்கிறது. அடைமழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பூண்டிக்குப் பிரயாணம் செய்யலாம். திருவள்ளூர் வரையில் மின்சார ரயில், அப்பால் பஸ். கொசஸ்தலை ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம், 35 அடி ஆழமும் நிரம்பி, கடல்போலத் தளும்பி நிற்பதைக் கண்டால், குழாயைத் திருகும்போதெல்லாம் அக்காட்சி நினைவுக்கு வரும். 1939-ல் சென்னை நகர மேயராக விளங்கிய தேசபக்தர் தீரர் சத்தியமூர்த்தி, பட்டணத்தின் தாகத்தைத் தீர்ப்பதற்காக அரும்பாடுபட்டு இவ்வேலையைத் தொடங்கி வைத்தார். 1944-ல் அணை கட்டி முடிந்தபோது அதைக் காண அவர் உயிரோடு இல்லை; 1943-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகரம் என்று வழங்கும் அந்நீரில் ஒரு கை அள்ளிப் பருகாமல் பிள்ளைகளுக்குச் சுதந்திரச் சரித்திரம் கற்பிப்பது எப்படிப் பூர்த்தியாகும்?

பூண்டியிலேயே பழங்கற்காலக் கருவிகளை வைத்திருக்கும் காட்சிசாலை ஒன்றும் இருக்கிறது. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தெடுத்த கற்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நேற்று முளைத்த பட்டணம் என்று இவ்வூரைப் பழிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமோ?

மார்கழியில் சங்கீதக் கச்சேரிகளைப் பற்றி நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. ஆனால் அதிகாலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் நடக்கும் பஜனை, பாபநாசம் சிவன் அவர்கள் நடத்திப் புகழ் பெற்றது. அதற்கு டிக்கட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை. அதே மாதத்தில் ஒரு காலை, பரங்கிமலையின் படிகளில் ஏறிப் பார்க்கலாம். 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேயர், இந்தியா முழுவதையும் அளப்பதற்கான முதற்கோட்டை இம்மலையின் அருகிலிருந்துதான் தொடங்கினார். இமயத்தின் சிகரங்களைப் பிற்காலத்தில் அளந்ததும் அவ்வேலையின் தொடர்ச்சியே.

தை பிறந்தால் பள்ளிக்கரணை. சதுப்பு நிலம் என்றதும் மூக்கைப் பிடிக்க வேண்டாம். வெகுதூரத்திலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்துக்களும், செந்நிறம் படர்ந்த சிறகுடைய பூநாரைகளும், நீலத்தாழைக் கோழிகளும் அங்கே மேய்வதைச் சாலையோரத்தில் நின்றே காணலாம். ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த இச்சதுப்பு, இன்று பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பாழ்நிலம் என்று எண்ணி அங்கே குப்பையைக் கொட்டினோம், கட்டடங்களை எழுப்பினோம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடலுக்கு அனுப்பி வந்த நிலம் அது. அந்நீருக்கு இடமில்லாமற் போனதன் பலனை 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தில் கண்டோம். 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது அங்கீகாரம் பெற்றது. நம்மவர் கண்ணுக்கு அதன் பெருமை இன்னும் புலப்பட வேண்டியிருக்கிறது.

மாசி, பங்குனி இரவுகள் கடற்கரைக்கு உரியவை. பங்குனி ஆமை என்று செம்படவர் அழைக்கும் கடலாமை, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மண்ணைத் தட்டி மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. 1988 முதல் மாணவர் சங்கம் ஒன்று இரவு முழுவதும் நடந்து, அம்முட்டைகளைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. குறித்த இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். சுமார் 45 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். கடலின் மங்கிய ஒளியை நாடிச் செல்ல வேண்டிய அவை, வீதி விளக்கின் பிரகாசத்தில் மயங்கி ஊருக்குள் ஊர்ந்து மடிவதும் உண்டு. 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இக்கரையோரம் செத்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சடைத்து இறந்தவையே பெரும்பாலானவை என்று அறிந்தோர் கூறினர்.

சித்திரை வெயிலுக்கு எழும்பூர் காட்சிசாலை தக்க புகலிடம். 1851-ல் ஏற்பட்ட அதில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மறந்து போய்ப் பூட்டைத் தரிசித்து வர வேண்டாம்.

கேவலம் பொழுதுபோக்குக்காக இவ்வளவும் சொல்லவில்லை. சதுப்பு நிலத்தில் மேலும் ஒரு துண்டு பறிபோகிறது என்ற செய்தி பத்திரிகையில் வரும்போது, அங்கே ஒருமுறையேனும் பூநாரையைக் கண்டவன் படித்துவிட்டுச் சும்மா இருப்பானா? காணாதவனுக்கோ அது வெறும் நிலபேரச் செய்தி. ஆகையால், தாய்மார்களே, தந்தைமார்களே! அடுத்த விடுமுறைக்குக் குற்றாலமும் கோடைக்கானலும் இருக்கட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நம் சொந்த ஊருக்குப் புறப்படுங்கள்.