கூடம் கோணல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைச் சொன்ன நம் முன்னோர்கள் ஒரு விஷயத்தை எதிர்பார்க்கவில்லை. அவள் அப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள், "ஆமாம் அம்மா, கோணல்தான். நாங்கள் நிமிர்த்தித் தருகிறோம். மாதத் தவணையில் கொடுத்தால் போதும்" என்று ஒரு வியாபாரி வாசலில் வந்து நிற்பான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. எலெக்ட்ரிக் கிதார் உலகத்தில் இன்று நடக்கிற காரியம் இதுதான்.

ஐம்பத்தெட்டாவது வயதில் நான் ஓர் எலெக்ட்ரிக் கிதார் வாங்கினேன். மரக் கிதார் என்னிடம் பல வருஷங்களாக உண்டு, சுமாராக வாசிப்பேன். கடைக்காரர் புதுக் கிதாரை உறையில் போட்டுக் கொடுப்பதற்கு முன்பே மூன்று சின்ன இரும்பு டப்பாக்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். காலால் மிதிக்கிற பெடல்கள். "இதெல்லாம் இல்லாவிட்டால் டோன் வராது, சார்" என்றார். "எந்த டோன்?" என்று கேட்டேன். "நல்ல டோன்" என்றார். அந்தக் கிதாரில் நான் அதுவரை ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. அவரும் என் வாசிப்பைக் கேட்டவரில்லை. நோயாளியின் கையைத் தொடாமலே மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியரை நாம் என்னவென்று சொல்வோம்? மூன்று டப்பாக்களின் விலை கிதார் விலையில் பாதிக்கு மேல் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொள்கைப் பிடிப்பினால் அல்ல. பையில் பணம் இல்லை.

வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தபோது கடைக்காரர் சொன்னதே சரி என்று பட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். குதிரைக்குப் பக்கத்துப் பிக்கப்பில்தான் வாசிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஸ்விட்சை அங்கேயே வைத்திருந்தேன். டோன் குமிழைத் திருகினேன். ஒரு மாறுதலும் இல்லை. இன்னொரு டோன் குமிழைத் திருகினேன். அதிலும் இல்லை. கிதார் பழுது என்று தீர்மானித்து, பாதி விலைக்காவது தள்ளிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மகன் வந்தான். இரண்டு வருஷமாக எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவன். இரண்டு நிமிஷம் கேட்டான். "பிக்கப் சரியில்லை, மாமா. மாத்திடுங்க" என்றான். "முதலில் இந்த வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்துப் பாரேன்" என்றேன். "அதை எதுக்குக் குறைக்கணும்? அது எப்பவும் பத்துலதானே இருக்கணும்?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். இரண்டு வருஷத்தில் மூன்று கிதார், ஏழெட்டுப் பெடல், இரண்டு ஆம்பிளிஃபயர் வாங்கியவன். ஒரு தடவைகூட அந்தக் குமிழைத் திருகியதில்லை.

இரண்டு கிதாரை வந்த விலைக்கு விற்றுவிட்டான். மூன்றாவது பீரோவுக்குப் பின்னால் உறைக்குள் கிடக்கிறது. தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. "ஏன் வாசிப்பதில்லை?" என்று கேட்டேன். "எனக்குக் கை வரலை, மாமா" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். பணம் போனதற்காக அல்ல. முதலில் அவனிடம் கூடம் கோணல் என்றார்கள். அவர்கள் சொன்னபடி கூடத்தை மூன்று தடவை இடித்துக் கட்டினான். அப்புறமும் ஆட்டம் வரவில்லை என்றதும், பாவம், தன் கால்தான் கோணல் என்று முடிவுகட்டிவிட்டான். அவன் காது நல்ல காது என்பதைச் சிறு பிள்ளையிலிருந்து நான் அறிவேன். நல்ல காதுள்ள ஒரு பையன், தனக்குச் சங்கீதம் இல்லை என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு குமிழைத் திருகிப் பார் என்று சொல்ல யாருக்கும் லாபமில்லாமல் போனதன் பலன் இது.

எலெக்ட்ரிக் கிதாரில் என்ன இருக்கிறது? தந்திக்குக் கீழே காந்தம். காந்தத்தைச் சுற்றித் தலைமயிர்ப் பருமனில் தாமிரக் கம்பி ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் கலைகிறது. கம்பிச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அது குமிழ்களைத் தாண்டி, ஒயர் வழியாக ஆம்பிளிஃபயருக்குப் போய், ஸ்பீக்கரில் மறுபடி ஒலியாகிறது. பிக்கப் தந்தி முழுவதையும் கேட்பதில்லை. தன் தலைக்கு மேலே உள்ள இடத்தைத்தான் கேட்கிறது. குதிரைக்குப் பக்கத்தில் கேட்டால் கூரான ஒலி. கழுத்துப் பக்கத்தில் கேட்டால் உருண்டு திரண்ட ஒலி. விரல் மீட்டுகிற இடத்துக்கும் இதே நியாயம். வீணை வாசிக்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வால்யூம் குமிழ் சத்தத்தை மட்டும் குறைப்பதாக நினைப்பது தவறு. சாதாரண அமைப்பில் அதைக் குறைக்கும்போது ஒயரின் மின்தேக்கும் குணமும் சேர்ந்துகொண்டு, உச்ச ஒலிகளைச் சற்று அதிகமாகவே கழித்துவிடுகிறது. கிறீச்சென்ற முனை மழுங்குகிறது. ஆம்பிளிஃபயரை அது திணறத் தொடங்கும் எல்லையில் வைத்துக்கொண்டு பாருங்கள்: குமிழ் ஆறில் இருந்தால் தெளிந்த பேச்சு, பத்தில் இருந்தால் தொண்டை கட்டிய ஆவேசம். அந்த ஆவேசத்தைத்தான் கடைக்காரர் டப்பாவில் அடைத்துத் தனியாக விற்கிறார்.

வேலை செய்யாத என் டோன் குமிழ்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் கிதார், 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்துச் செய்தது. அந்த மூல அமைப்பில் இரண்டு டோன் குமிழ்களும் கழுத்துப் பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்குமே சொந்தம். குதிரைப் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. ஆக, சம்பந்தமே இல்லாத குமிழைத் திருகிக்கொண்டு ஒரு வாரம் நான் வாத்தியத்தைத் திட்டியிருக்கிறேன். கூடம் கோணல் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைப்பதற்கில்லை.

பிறகு ஒரு மாதம் ஒன்றும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரே கிதார், ஒரே ஒயர், ஒரே ஆம்பிளிஃபயர். அதன் குமிழ்கள் எல்லாம் நடுவில். ஒரு நாளைக்கு ஒரு சமாசாரத்தை மட்டும் மாற்றுவது. ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையிலும் ஒரே பாட்டை வாசித்தேன். பிக்கப்பின் இரு பக்கத்துத் திருகாணிகளைக் கால் சுற்று, கால் சுற்றாக இறக்கினேன். கடையிலிருந்து வந்தபோது அது தந்தியை ஒட்டி நின்றது. காந்தம் அவ்வளவு கிட்டே இருந்தால் தந்தியை இழுத்துப் பிடிக்கும், மேல் மெட்டுகளில் சுருதி குழம்பும். இறக்க இறக்கத் தந்தி மூச்சு விட்டது. சத்தம் குறைந்தது, நாதம் கூடியது.

ஆம்பிளிஃபயர் விஷயத்தில் ஒரு பாடம் கிடைத்தது. இரவில் சன்னமாக வைத்து, மந்திரத்தையும் உச்சத்தையும் ஏற்றி, அருமையான டோன் பிடித்துவிட்டேன் என்று தூங்கப் போவேன். மறுநாள் பகலில் உரக்க வைத்தால் ஒரே இரைச்சல். காரணம் கிதாரில் இல்லை, காதில் இருக்கிறது. சன்னமாகக் கேட்கும்போது மனிதக் காது மந்திர ஒலிகளையும் மிக உச்சமான ஒலிகளையும் குறைத்தே வாங்கிக்கொள்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். படுக்கையறையில் பிடித்த டோன் கச்சேரிக் கூடத்தில் செல்லாது என்பதை அறியாமல் எத்தனை பேர் எத்தனை ஆம்பிளிஃபயர்களை விற்றார்களோ!

வாத்தியத்தின் குரலைச் செய்தவனே முழுக்க அறிந்திருப்பான் என்பதும் இல்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கர்த்தாக்களில் முதல்வரான லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். அந்தக் கிதாரில் வைத்த ஸ்விட்சுக்கு மூன்றே நிலைகள். அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே செருகி நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகளும் சேர்ந்து, லேசாக மூக்கால் பேசுவதுபோல், இனிய குரல் ஒன்று வருவதை வாசித்தவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள். கம்பெனி ஐந்து நிலை ஸ்விட்சைப் பொருத்த ஆரம்பித்தது 1977-இல். இருபத்து மூன்று வருஷம் விலைப்பட்டியலில் இல்லாத ஒரு குரல், தடவிப் பார்த்தவன் விரலுக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது!

இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பையன் 1963-இல் தன் தகப்பனாரோடு உட்கார்ந்து ஒரு கிதார் செய்யத் தொடங்கினான். கழுத்துக்கு மரம் எங்கிருந்து? ஒரு பழைய கணப்பு அடுப்பின் சட்டத்திலிருந்து. அதே கிதாரோடுதான் அவர் உலகமெல்லாம் சுற்றினார். ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டினார். டோனி அயோமிக்கு 1965-இல், தகரத் தொழிற்சாலையில், தந்தியை அழுத்துகிற கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் பிளாஸ்டிக்கை உருக்கி விரல் நுனி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி கட்டினார். அந்த விரல்களிலிருந்தே ஒரு புதிய கனத்த நாதம் பிறந்தது. அவருக்கு நிஜமாகவே கால்தான் கோணல். அவர் கூடத்தைக் குறை சொல்லவில்லை.

நம் பக்கத்திலும் உண்டு. எலெக்ட்ரிக் மாண்டலின் கர்நாடக சங்கீதத்துக்கு ஆகாது, கமகம் பேசாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். யு. ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கட்டி, அதையே பேச வைத்தான். வாத்தியத்தை மாற்றினானே என்பீர்கள். மாற்றினான், எது தடுக்கிறது என்று தன் விரலால் அறிந்து, அதை மட்டும் மாற்றினான்.

"அப்படியானால் சாமானே முக்கியம் இல்லை என்கிறீரா? ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பெடலை மிதிக்கவில்லையா?" என்று கேட்கப்போகிறீர்கள். மிதித்தார். சாமான் முக்கியம் இல்லை என்று நான் சொல்லவும் இல்லை. கூடம் மெய்யாகவே கோணலாக இருப்பதும் உண்டு. தந்தி மெட்டுக்கு மேலே எட்டாத உயரத்தில் நின்றால் விரல் நோகும். குதிரையின் இடம் தவறியிருந்தால் சுருதி எந்த நாளும் சேராது. துருப்பிடித்த தந்தியில் எந்த மகானும் நாதம் எழுப்ப முடியாது. இவற்றை ஒரு நல்ல மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். அந்தக் கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். ஸ்பீக்கர் மாறினால் குரலே மாறும் என்பதும் வாஸ்தவம். 1964-இல் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பிளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கிழித்து, ஊரே திரும்பிப் பார்க்கிற கரகரப்பை உண்டாக்கினார். அவருக்கு வேண்டியது இன்னது என்று தெரிந்திருந்தது. கை பிளேடைத் தேடியது. எது வேண்டும் என்று தெரியாதவன் கைதான் பணப்பையைத் தேடுகிறது.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டப்பாவை விற்கிறதற்கு முன்னால், வாங்க வந்த பிள்ளையிடம் அந்தக் கிதாரிலேயே உள்ள குமிழ்களையும் ஸ்விட்சையும் கால் மணி நேரம் காட்டுங்கள். அப்புறமும் அவன் கேட்டால் கொடுங்கள். கேட்காமல் போனால் உங்களுக்கு நஷ்டம்தான். ஆனால் அவன் பத்து வருஷம் கழித்தும் தந்தி வாங்க உங்கள் கடைக்கே வருவான். தனக்குக் கை வரவில்லை என்று நம்பிப் போனவன் எந்தக் கடைக்கும் வரமாட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து கிதாரை எடுக்கச் சொன்னேன். துருவேறிய தந்திகளைக் கழற்றி, நான் வாங்கிப் போன புதுத் தந்திகளை இருவரும் கட்டினோம். பெடல்களை எடுக்கப் போனான், வேண்டாம் என்றேன். ஒயரை நேரே ஆம்பிளிஃபயரில் செருகி, வால்யூமை ஆறில் வைத்து, கழுத்துப் பிக்கப்பில் ஒரு தந்தியை மீட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இது இதுக்குள்ளேயேவா இருந்துச்சு, மாமா?" என்றான்.

அந்தக் கிதாருக்கு இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி இருக்கிறது. தவணை தீர்வதற்குள் அதில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று அவன் கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை.