பட்டம் இல்லாத பையனுக்கு கம்ப்யூட்டர் வேலை கிடைக்குமா?

பையன் "பிளஸ்-2" பாஸ் செய்துவிட்டான். மார்க்கும் பரவாயில்லை. ஆனால், கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் பணம் இல்லை.

"கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போகிறேன், அப்பா" என்கிறான், பையன்.

"பட்டம் இல்லாமலா? வாசல் காவல்காரன்கூட உன்னை உள்ளே விடமாட்டான்" என்கிறார், அப்பா.

யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

சல்லடை

வேலை விளம்பரங்களைப் பாருங்கள். பலவற்றில் "ஏதாவது ஒரு பட்டம் தேவை" என்று போட்டிருக்கும். வரலாறு படித்தவரும் வரலாம். தாவர நூல் படித்தவரும் வரலாம். அப்படியானால், அந்த வேலைக்கு அந்தப் படிப்பு தேவை இல்லை என்றுதானே பொருள்?

பிறகு எதற்காகப் பட்டம் கேட்கிறார்கள்?

ஒரு வேலைக்கு ஆயிரம் மனு வருகிறது. எல்லாவற்றையும் படிக்க நேரம் ஏது? பட்டம் இல்லாத மனுவை முதலில் ஒதுக்கிவிட்டால், வேலை சுலபம். பட்டம் அங்கே ஒரு சல்லடை. அவ்வளவுதான். நொய்யோடு நல்ல அரிசியும் போய்விடுகிறது!

இந்தச் சல்லடையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநில அரசு, ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்கு நான்கு ஆண்டுப் பட்டம் தேவை இல்லை என்று 2022-ம் ஆண்டில் அறிவித்தது. அவற்றில் கம்ப்யூட்டர் வேலைகளும் இருந்தன. அனுபவமும் பயிற்சியும் போதும் என்றது, அந்த அரசு.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

டாக்டர் பட்டம் பெற்றவர் செய்தது

"ஜோஹோ" கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர், ஸ்ரீதர் வேம்பு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். இத்தனை பெரிய பட்டம் பெற்றவரின் கம்பெனிதான், "பட்டம் வேண்டாம், பையனை அனுப்புங்கள்" என்றது!

2005-ம் ஆண்டு வாக்கில், அந்தக் கம்பெனி சொந்தமாகவே ஒரு பள்ளியைத் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பிளஸ்-2 முடித்தவர்கள், பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர்கள் ஆகியோரை பரீட்சை வைத்து எடுக்கிறார்கள். கணக்கு, ஆங்கிலம், புரோகிராம் எழுதுவது எல்லாம் கற்றுத் தருகிறார்கள். சம்பளம் கட்ட வேண்டாம். அவர்களே மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறார்கள்! படிப்பை முடித்தவர்கள் அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேருகிறார்கள். சென்னையில் மட்டும் அல்ல, தென்காசியிலும் இந்தப் பள்ளி நடக்கிறது.

"எச்.சி.எல்." கம்பெனியில் "டெக்பீ" என்று ஒரு திட்டம் இருக்கிறது. கணக்குப் பாடம் எடுத்து பிளஸ்-2 பாஸ் செய்தவர்களுக்கு உரியது. இதில் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் படிக்கலாம்.

ஆனால், இந்த இடங்கள் கொஞ்சம். கேட்பவர்கள் கூட்டமோ பெரிது. இடம் கிடைக்காதவன் என்ன செய்வது?

முதல் படி

கம்ப்யூட்டர் வேலை என்றால் புரோகிராம் எழுதுவது மட்டும் அல்ல. "ஹெல்ப் டெஸ்க்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிடுவார். இன்னொருவருக்கு பிரிண்டர் ஓடாது. மற்றொருவருக்கு இன்டர்நெட் வராது. போனில் பொறுமையாகக் கேட்டு, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, சரி செய்ய வேண்டும். ராத்திரி ஷிப்டும் உண்டு. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனாலும், பட்டம் இல்லாதவன் ஏறக்கூடிய முதல் படி இதுதான்.

இதற்கு வீட்டிலேயே தயார் செய்யலாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். அதில் "லினக்ஸ்" போடலாம், அது இலவசம். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோடு எப்படிப் பேசுகிறது என்று கற்றுக்கொள்ளலாம். கெடுக்கலாம், திரும்பச் சரி செய்யலாம். தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடையிலோ, பள்ளிக்கூடத்திலோ கம்ப்யூட்டர் கெட்டால், போய்ப் பார்க்கலாம். எந்தக் கோளாறு, எப்படிச் சரியாயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இன்டர்வியூவில் "என்ன தெரியும்?" என்று கேட்பார்கள். அப்போது அந்த நோட்டு பேசும்!

ஆங்கிலம் இலக்கணச் சுத்தமாக இருக்க வேண்டியது இல்லை. எதிரே இருப்பவருக்குப் புரிந்தால் போதும். கூச்சம்தான் பல பிள்ளைகளைக் கெடுக்கிறது.

ஜாக்கிரதை!

"ஒரு லட்சம் கட்டுங்கள், வேலை நிச்சயம்" என்று சொல்லும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வேலை கொடுக்கிற கம்பெனி சம்பளம் தரும். முன்பணம் கேட்காது. "மூன்று வருட அனுபவம்" என்று பொய் சர்டிபிகேட் விற்பவர்களும் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகும் கம்பெனிகள் விசாரிக்கின்றன. பொய் வெளிப்பட்டால், வேலை போவதோடு பெயரும் கெடும்.

இன்னொன்று. சிறு சிறு புரோகிராம்களை இப்போது "செயற்கை நுண்ணறிவு" கருவிகளே எழுதிவிடுகின்றன. ஆறு வாரம் படித்தால் வேலை என்று யாராவது சொன்னால், நம்ப வேண்டாம்.

அப்பா சொன்ன பாதி

பட்டமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. பதவி உயர்வின்போது சில கம்பெனிகள் பட்டத்தைக் கேட்கும். கம்பெனி மாறும்போது, பழைய சல்லடை திரும்ப வரும். அமெரிக்காவுக்கு "எச்-1பி" விசாவில் போக பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். பட்டம் இல்லாதவருக்கு மூன்று ஆண்டு அனுபவத்தை ஒரு ஆண்டுப் படிப்பாகக் கணக்கிடும் முறை உண்டு. நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஈடு செய்ய, 12 ஆண்டுகள் ஆகிவிடும்!

ஆகவே, பட்டத்தைக் கைவிட வேண்டாம், தள்ளிப் போடலாம். நிலத்தை அடகு வைத்துவிட்டு, வேலைக்கு உதவாத கல்லூரியில் நான்கு ஆண்டு சேர்ப்பதைவிட, அது மேல். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலும் "பி.சி.ஏ." படிக்கலாம். பகலில் வேலை, இரவில் பாடம் என்றால் கஷ்டம்தான். தூக்கம் கெடும். சினிமா போகும்.

ஆனால், கட்டணம் பையனின் சொந்தச் சம்பளத்தில் போகும். மூன்று ஆண்டில் பட்டம் கைக்கு வரும்போது, மூன்று ஆண்டு அனுபவமும் கூடவே இருக்கும்.