அட்டையும் எல்லை தாண்டட்டும்!

தோழர்களே! மட்டாஞ்சேரியில் மூட்டை சுமக்கும் நமக்குச் சிக்கனம் உபதேசிக்க ஆளுக்குக் குறைவில்லை. வாரக் கூலியை அரிசியே விழுங்கினால் எதைச் சிக்கனம் பிடிப்பது?

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது இலவசம். ஆதார் இணைந்த தமிழக அட்டையானாலும் இங்குள்ள ரேஷன் கடையில் கைரேகை வைத்து வாங்கலாம். நால்வருக்கு 20 கிலோ! மிச்சப்படும் காசில் பயறு, முருங்கைக்கீரை, மலிந்த நாளில் மத்தி மீன் வாங்குவோம். பிள்ளைகளுக்குச் சத்து சேரும்.

ஆனால் முன்னுரிமையற்ற தமிழக அட்டைக்கு வாளையாற்றுக்கு இப்பால் மதிப்பில்லை. உழைப்பு எல்லை தாண்டலாம், அரிசி தாண்டக்கூடாதா? இருக்கும் உரிமையைப் பெறுவோம், இல்லாததற்குப் போராடுவோம்!