முதலில் வலியைத் தணியுங்கள்

2022 டிசம்பரில் கனடா நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் முன்னாள் ராணுவ வீராங்கனை ஒருவர் சாட்சி சொன்னார். ரியோ பாராலிம்பிக்கில் தன் நாட்டுக்காகத் துடுப்பு போட்டவர் அவர். வீட்டில் சக்கர நாற்காலி ஏறி இறங்க ஒரு வசதி செய்து தாருங்கள் என்று ஐந்து ஆண்டுகளாக அரசிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது என்று துறை அலுவலர் ஒருவர் தன்னிடம் சொன்னதாக அவர் குழுவிடம் கூறியபோது நாடே திடுக்கிட்டது. இதை ஏற்கவே முடியாது என்றார் அன்றைய பிரதமர் ட்ரூடோ.

மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டத்தை 2016இல் கனடா கொண்டுவந்தபோது, சாவை நெருங்கிவிட்டவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். 2021இல் அந்த வேலியை எடுத்துவிட்டார்கள். 2023இல் மட்டும் 15,343 பேர் இவ்வழியில் உயிரை விட்டார்கள். அந்நாட்டின் மொத்த மரணங்களில் இது 4.7 சதவீதம். எதிர்த்து நீதிமன்றப் படியேறியவர்களில் முன்னால் நிற்பவர்கள் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள். எங்களுக்கு வாழ வழி செய்யாமல் சாக வழி செய்கிறீர்களே என்பதுதான் அவர்களின் வழக்கு. 2021இன் விரிவாக்கத்தைத் திரும்பப் பெறும்படி ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவும் 2025இல் கனடாவைக் கேட்டுக்கொண்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் டெல்டா நகரில், ஊர்மக்கள் சங்கம் ஒன்று நன்கொடை திரட்டியும் அரசு நிதி பெற்றும் பத்துப் படுக்கைகள் கொண்ட வலி தணிப்பு இல்லம் ஒன்றை நடத்திவந்தது. உயிரை முடிக்கும் ஊசியை இங்கே போட மாட்டோம் என்று சங்கம் உறுதியாக நின்றது. அரசு நிதியும் போயிற்று, கட்டடமும் கையை விட்டுப் போயிற்று.

சாக விரும்புகிறவர் ஏன் விரும்புகிறார்? அந்நாட்டு அரசின் ஆண்டறிக்கையே பதில் சொல்கிறது. 2023இல் இதைக் கேட்டுப் பெற்றவர்களில் பத்தில் நான்கு பேருக்கும் மேல், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணத்தையும் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். பாரத்தை இறக்கிவைக்க ஊசி தேவையில்லை. தோள் கொடுக்க நாலு பேர் வேண்டும்.

அந்த நாலு பேரைத் திரட்டிக் காட்டியது கோழிக்கோடு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவராக இருந்த எம்.ஆர். ராஜகோபால் தன் வாழ்வை மாற்றிய ஒரு நிகழ்வைப் பலமுறை சொல்லியிருக்கிறார். புற்றுநோய் வலியால் துடித்து வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு நரம்பில் ஊசி போட்டு வலியைப் போக்கினார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று நோயாளி கேட்க, இனி வர வேண்டியதில்லை என்றார் மருத்துவர். நோய் தீராது என்பது அப்போதுதான் அந்த மனிதருக்குப் புரிந்தது. வீடு திரும்பியவர் தற்கொலை செய்துகொண்டார். நரம்பின் வலிக்கு மருந்து கொடுத்தோம், மனிதரைக் கவனிக்கவில்லை என்ற உறுத்தல் ராஜகோபாலை விடவில்லை.

1993இல் அவரும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களே அதிகம் என்று தெரிந்ததும் வேலை வீடுகளை நோக்கி நகர்ந்தது. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த எவரும் வரலாம்; பதினாறு மணி நேர வகுப்பும் சில நாள் களப்பயிற்சியும் உண்டு. ஆசிரியர்கள், மாணவர்கள், கடைக்காரர்கள், இல்லத்தரசிகள் வந்தார்கள். செவிலியரோடு வீடு வீடாகப் போய், படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டவும் பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் கற்றார்கள். அரிசி தீர்ந்த வீட்டுக்கு அரிசியும் போனது. பணம் பெரும்பாலும் ஊர்மக்களின் சிறு சிறு நன்கொடைதான். மலப்புறம் மாவட்டத்தில் இது ஊருக்கு ஊர் வேர்விட, 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாக வலி தணிப்பு சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையைக் கேரள அரசு அறிவித்தது. மக்கள் தொடங்கி வைத்ததை அரசு பின்தொடர்ந்தது என்பதுதான் இதில் முக்கியம்.

மருந்து? கடும் புற்றுநோய் வலியைத் தணிக்கும் மார்பின் மாத்திரை விலை குறைந்தது. ஆனால் 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதை வாங்கி வைக்க அத்தனை உரிமங்கள் கேட்டது. பல மருத்துவமனைகள் வம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டன. ராஜகோபால் போன்றோரின் நெடுங்காலப் போராட்டத்தால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படியும் இந்தியாவின் வலி நிவாரணத் தேவையில் 4 சதவீதம்தான் நிறைவேறுகிறது என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017இல் கணக்கிட்டது. இந்த நிலையில் இருக்கும் நாட்டில் சாகும் உரிமை பற்றிப் பேசுவது அநியாயம்.

அதற்காக, குணமாக வழியே இல்லாதவரை வென்டிலேட்டரில் மாட்டி இழுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பயனற்ற சிகிச்சையை நிறுத்தவும், அதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. நோயின் போக்கில் சாவை வரவிடுவது வேறு, ஊசி போட்டு வரவழைப்பது வேறு.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் புதிதல்ல. விருதுநகர் வட்டாரத்தில் முதியோரைத் தலைக்கூத்தல் என்ற பெயரில் சாகடித்த வழக்கம் 2010 வாக்கில் செய்திகளில் வெளியானது. அதைப் பற்றிய 'பாரம்' படம் தேசிய விருதும் வாங்கியது. அந்த வீடுகளுக்கு ஒரு செவிலியர் வாராவாரம் போயிருந்தால், புண்ணுக்கு மருந்தும் பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வும் கிடைத்திருந்தால், எத்தனையோ பேர் தங்கள் காலம் முடியும்வரை இருந்திருப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது அந்தச் செவிலியர் இருக்கிறார். ஆனால் வட்டாரம் முழுவதையும் அவரே சுற்றிவர வேண்டியிருக்கிறது. ஊர் கைகொடுக்காமல் அது நடக்காது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நம் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர்? செவிலியர் எந்தெந்த நாளில் வருகிறார்? மாவட்ட அரசு மருத்துவமனையில் மார்பின் மாத்திரை இருப்பில் இருக்கிறதா? வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர முடிந்தவர்கள் அந்தச் செவிலியரிடம் உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.