களத்து மண்ணும் காயக் கணக்கும்

அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்றோர் ஆட்டம் உண்டு. பந்தைக் கையிலும் ஏந்தலாம், காலாலும் உதைக்கலாம். 1884இல் தர்லஸ் நகரில் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் கீழ், அங்குள்ள ஒவ்வொரு கவுண்டியிலும் ஊர்க் கழகங்களுக்கிடையே ஆண்டுதோறும் கோப்பைக்கான போட்டி நடக்கிறது. பெரும்பாலும் சொந்த ஊருக்காகவே ஆடுகிறார்கள். ஊதியம் கிடையாது. இதைப் படிக்கும்போது எனக்குத் திட்டக்குடிப் பக்கத்துக் கபடியே நினைவுக்கு வருகிறது.

பொங்கலையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டி வெள்ளாற்றங்கரை ஊர்களிலும் வெலிங்டன் ஏரிப் பாசனத்து ஊர்களிலும் களம் கட்டப்படும். அறுத்த வயலைச் சமன்செய்து, நீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு இழுத்து, நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம் நட்டுவிட்டால் விடியவிடிய ஆட்டம்தான். ஒலிபெருக்கியில் வீரனின் பெயருக்கு முன்னே ஊரின் பெயர் ஒலிக்கும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995இல் அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனை ஊரைச் சேர்க்காமல் யார் அழைக்கிறார்கள்?

2014இல் புரோ கபடி லீக் தொடங்கி, 2017இல் தமிழ் தலைவாஸ் அணியும் வந்தபின், கபடிக்கு மறுவாழ்வு கிடைத்துவிட்டதாகப் பேசுவோர் பெருகிவிட்டனர். இதை என்னால் ஏற்க இயலவில்லை. செத்துப்போன ஒன்றுக்குத்தானே மறுவாழ்வு? தொலைக்காட்சி கண்டுகொள்ளாத நாள்களிலும் இந்த வயல்களில் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. (கிரிக்கெட் மட்டையோடு திரியும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை, அது வேறு வழக்கு.)

என் மனக்குறை வேறு. லீக் ஆட்டக்காரன் மெத்தை விரிப்பில் ஆடுகிறான்; அடிபட்டால் அணி மருத்துவர் ஓடிவருகிறார். இங்கே கட்டாந்தரையில் ஏழு பேர் ஒருவன்மேல் பாய்கிறார்கள். 2022 ஜூலையில், இதே கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி அருகே, ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் களத்திலேயே சுருண்டு உயிரிழந்தார். சில நாள் பேசினோம். பிறகு அடுத்த போட்டிக்குச் சுவரொட்டி ஒட்டினோம். உயிர் போவது அரிது. முழங்காலின் தசைநார் அறுவது அரிதன்று. கூலி வேலைக்குப் போகும் பையனுக்கு அது பல மாத வருமான இழப்பு. திட்டக்குடியில் வைத்தியநாத சுவாமியே கோயில் கொண்டிருக்கிறார் என்பது உண்மைதான். ஆனாலும் களத்தோரம் ஒரு வைத்தியர் வேண்டும்.

அயர்லாந்துக்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது இதையே. அங்கே கழகங்கள் தம் அணிகளுக்காகக் காய உதவி நிதிக்குப் பணம் கட்டுகின்றன. அடிபட்டவரின் மருத்துவச் செலவில் ஒரு பகுதி அதிலிருந்து கிடைக்கிறது. நம் ஊர்களிலும் அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத்தான் செய்கிறோம். அதில் அணிக்கு நூறு ரூபாயை ஒதுக்கிவைத்தால் என்ன? முப்பது அணிகள் வந்தால் மூவாயிரம். அறுவைச் சிகிச்சைக்குப் போதாதுதான். ஆனால் ஓர் ஊரோடு நின்றுவிடாமல் வட்டம் முழுவதும் பொதுவாகச் சேர்த்து, வெளியூர் ஆட்டக்காரரை விலை பேசி இறக்கும் பணத்திலும் கொஞ்சம் போட்டால், இரண்டு மூன்று பருவங்களில் அது உருப்படியான தொகையாகிவிடும். அதுவரை, போட்டி நடக்கும் இரவில் களத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டியையும் ஓட்டுநரையுமாவது நிறுத்திவைக்கலாம்.