ஒன்பது ராத்திரி பாக்கி

பெரிய ஓட்டல் கம்பெனிகள் அடிக்கடி தங்குகிறவர்களுக்கு கோல்டு, பிளாட்டினம், டைமண்டு என்று படிவாரியாகப் பட்டம் தருகின்றன. வருமானம் சுருங்கிய வருஷத்தில்கூட கைக்காசைப் போட்டு அந்தப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்றொரு பேச்சு நம் சம்பளக்கார நடுத்தர வர்க்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. கேட்டால் முதலீடு என்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. என் கணக்கில் இது கைமாற்று. பணமுடையில் இருக்கும் ஓர் ஆள், தன்னைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிய ஒரு கம்பெனிக்கு, பத்திரமும் இல்லாமல் வட்டியும் இல்லாமல் கொடுக்கிற கைமாற்று.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எனக்குச் சொந்த ஊர் ஜவ்வாது மலை அடிவாரத்தில், போளூர்ப் பக்கம் இருக்கிற சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில்தான் திரும்புவார்கள். அந்த வகையில் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் பதினோரு வருஷம் நைட் ஆடிட் பார்த்தேன். ஓட்டலில் ஒரு நாள் முடிவது நள்ளிரவு பன்னிரண்டுக்கு இல்லை, நைட் ஆடிட்டர் கணக்கை மூடும்போதுதான். எந்த அறையில் யார், என்ன வாடகை, எது இனாம், எது யார் தலையில் விழும் என்பதெல்லாம் அந்த மேஜையில் தெரிந்துவிடும். 2020 ஏப்ரலில் சம்பளமில்லா விடுப்பு என்று அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை. இப்போது ஊரில்தான் இருக்கிறேன். நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறேன்.

என் சித்தப்பா பையன் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். பெங்களூரு, மும்பை, சிங்கப்பூர் என்று கம்பெனி செலவில் சுற்றியவன். டிசிஎஸ் மாதிரி ஒரு கம்பெனியே 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரை அனுப்பப் போவதாக அறிவித்த பிறகு, மற்ற இடங்களிலும் முதலில் கத்தி விழுந்தது பயணச் செலவில்தான். அவனுக்கு மாரியட்டில் பிளாட்டினம். அதற்கு ஒரு காலண்டர் வருஷத்தில் 50 இரவு வேண்டும். டிசம்பரில் போன் பண்ணினான். "அண்ணா, இன்னும் ஒன்பது ராத்திரிதான் பாக்கி. சின்ன ஊர்ல சல்லிசான ரூமாப் போட்டு முடிச்சிடலாம்னு பாக்கறேன். விட்டா மறுபடி அம்பது ஏறணும்ணா."

அமெரிக்காவில் இந்தக் காரியத்துக்கு 'மெத்தை ஓட்டம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தூக்கம் தேவையில்லாதவன் கணக்குக்காக மெத்தையைத் தேடி ஓடுவது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். சல்லிசான அறை ஒரு ராத்திரிக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,500 வரையிலான வாடகைக்கு 2025 செப்டம்பர் முதல் வரி 5 சதவீதம். ஆக 4,200. ஒன்பது ராத்திரிக்கு 37,800. போகவர டிக்கெட், சாப்பாடு தனி. பதிலுக்கு என்ன கிடைக்கும்? காலைச் சிற்றுண்டி, சாயங்காலம் வரை அறையை வைத்துக்கொள்ளும் சலுகை, பெரிய அறை. பெரிய அறைக்கு 'இடம் இருந்தால்' என்ற நிபந்தனை உண்டு. வரும் வருஷம் கம்பெனி அவனைப் பன்னிரண்டு ராத்திரி அனுப்புகிறது என்று வையுங்கள். சிற்றுண்டியை ஆயிரம் ரூபாய் என்று தாராளமாகவே மதிப்பிட்டாலும் 12,000தான் வருகிறது. அந்தச் சிற்றுண்டியையும் பாதி நாள் கம்பெனிப் படியே கொடுத்துவிடும்.

இதற்குள் இன்னொரு எளிய விஷயம் இருக்கிறது. பட்டத்தின் பலன் தங்குகிற ராத்திரிகளில் மட்டும்தான் கிடைக்கும். நிறையத் தங்குகிறவனுக்குப் பட்டம் கேட்காமலே வந்துவிடும். அது வராத அளவுக்குப் பயணம் குறைந்துவிட்டது என்றால், வந்தாலும் அனுபவிக்க ராத்திரி கிடையாது. மந்த காலத்தில் ஓட்டலும் பாதி காலியாகக் கிடக்கும். அப்போது வாடகையைக் குறைத்துக் கேட்டால் குறைப்பார்கள். பெரிய அறை கேட்டால் பட்டம் இல்லாதவனுக்கும் கிடைக்கும். பட்டத்தின் மதிப்பு மிகவும் இறங்கியிருக்கிற நேரத்தில்தான் அதற்கு அதிக விலை கொடுக்கச் சொல்கிறார்கள்.

இந்தத் திட்டங்கள் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை 1981 மே மாதம் தொடங்கியது. அரசுக் கட்டுப்பாடு நீங்கிப் போட்டி கடுமையான நேரம். அந்த ஜூலையிலேயே அமெரிக்கப் பொருளாதாரம் மந்தத்தில் விழுந்தது. ஹாலிடே இன்னும் மாரியட்டும் 1983-ல் அதே வழியில் இறங்கின. அடுத்த கடைக்கு வாடிக்கையாளர் போய்விடாமல் இருக்கப் போட்ட வேலி இது. வேலியைக் குறை சொல்லவில்லை. வேலிக்கு உள்ளே நிற்கிறவன் அதைச் சிம்மாசனம் என்று நினைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"2020-ல கம்பெனிகள் எவ்வளவு பெருந்தன்மையா நடந்துக்கிட்டாங்க தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியும். 2019-ல் சம்பாதித்த பட்டத்தை மாரியட் 2022 பிப்ரவரி வரை நீட்டித்தது. ஹில்டனும் ஹயாத்தும் 2021-க்கு வேண்டிய இரவுகளைப் பாதியாக வெட்டின. ஆனால் அதே 2020-ல் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. ஏப்ரலில் ஹில்டன் தன் பாயிண்டுகளை மொத்தமாக அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்கு முன்கூட்டியே விற்று 100 கோடி டாலர் வாங்கியது. மே மாதம் மாரியட், தன் பெயரில் கடன் அட்டை விடும் ஜேபி மார்கன் சேஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் சேர்த்து 92 கோடி டாலர் திரட்டியது. அறைகள் காலி, வாடகை இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் கையில் விலைபோகிற சரக்கு ஒன்றுதான்: இந்த வாடிக்கையாளர் கூட்டம் கலையாது என்ற நம்பிக்கை. அந்தக் கூட்டம் கலையாமல் இருக்கத்தான் பட்டத்தை நீட்டித்தார்கள். வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்கார வேலை, தப்பே இல்லை. அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைக்காமல் இருந்தால் சரி.

அந்த மார்ச்சிலேயே மாரியட் பல்லாயிரம் ஊழியர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. உலகம் பூராவும் ஓட்டல்கள் இதையேதான் செய்தன. விருந்தாளியின் பிளாட்டினத்துக்கு ஒரு வருஷம் கெடு நீட்டித்த தொழில், அவருடைய படுக்கையை விரித்தவருக்கு ஒரு மாதம்கூட நீட்டிக்கவில்லை.

கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்க்கலாம். உங்களிடம் சேர்ந்திருக்கும் பாயிண்டுகள் கம்பெனியின் ஐந்தொகையில் பொறுப்பாக ஏறியிருக்கும். அதாவது அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய கடன். பெரிய கம்பெனிகளில் அந்தத் தொகை பல நூறு கோடி டாலர். உங்கள் பிளாட்டினத்துக்கு அங்கே ஒரு வரி கிடையாது. வித்தியாசம் என்ன என்பதை நாம் இந்தியாவிலேயே பார்த்தோம். 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்ததோடு ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் மைல்கள் இன்டர்மைல்ஸ் என்று வேறு பெயரில் பிழைத்துக்கொண்டன. பிளாட்டினம் அட்டை வைத்திருந்தவர்களுக்கு முன்வரிசை கொடுக்கத்தான் விமானம் இல்லை.

சட்டமும் இதைக் கைவிட்டுவிட்டது. மினசோட்டாவைச் சேர்ந்த கின்ஸ்பெர்க் என்ற யூத மதகுரு நார்த்வெஸ்ட் விமான கம்பெனியின் உயர்படி வாடிக்கையாளர். அதிகமாகப் புகார் சொல்கிறார் என்று 2008-ல் அவரைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளும் கடமை கம்பெனிக்கு இல்லையா என்று கேட்டு வழக்குப் போட்டார். 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

தமிழனுக்கு இது புதுசா என்ன? முதல் மரியாதைக்காக, பரிவட்டத்துக்காக, தீர்த்தம் யாருக்கு முதலில் என்பதற்காக எத்தனை தலைமுறை கோர்ட்டு ஏறியிருக்கிறோம்! 1961-ல் நம் உச்ச நீதிமன்றமும் ஒரு ஜீயர் வழக்கில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. வெறும் மரியாதைக்காக சிவில் வழக்கு நிற்காது. ஒரு பதவியோடு, அதன் ஊதியமாக ஒட்டியிருக்கும் மரியாதைக்குத்தான் நிற்கும். மரியாதை கொடுக்கிறவன் கையில் இருக்கிற வரைக்கும் அது உங்கள் சொத்து ஆகாது.

இவ்வளவு சொன்ன பிறகும் என் தம்பியின் கேள்வி ஒன்று நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. "காசுக் கணக்கு எனக்கும் தெரியும்ணா. அந்த லாபில நுழையறப்ப பேரைச் சொல்லிக் கூப்புடறாங்க பாரு, அதுக்கு என்ன கணக்கு?" எங்கள் மாதிரி ஊரிலிருந்து போனவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவனுடைய அப்பா திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் அறை கேட்கத் தயங்கித் திண்ணையில் படுத்தவர். பையன் கண்ணாடிக் கதவுக்குள் நுழையும்போது வாட்ச்மேன் நிறுத்திக் கேட்காமல் இருப்பதற்கே ஒரு விலை உண்டு என்று அவன் நினைத்தால், அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. மந்த காலத்தில் பட்டம் போவது அவனுக்குச் சிற்றுண்டி போவதாகத் தெரியவில்லை. பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று தெரிகிறது. கம்பெனிகள் டிசம்பர் மாதம் 'இன்னும் ஒன்பதே இரவுகள்' என்று மின்னஞ்சல் அனுப்புவது இந்தப் பயத்தை நம்பித்தான்.

ஆனால் அந்தப் பெயர் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். மறுநாள் வருகிறவர்களின் பட்டியல் விடியற்காலை மூன்று மணிக்கு அச்சாகும். பெயர், படி, எத்தனையாவது முறை, தலையணை எப்படி வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அச்செடுத்தவன் நான். அதைப் படித்து, நின்று, சிரித்து, பெயரைச் சரியாக உச்சரித்தது ஆரணியிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வந்த ஒரு பெண். அந்தச் சிரிப்பு அவளுடைய உழைப்பு. பட்டம் கொடுத்த கம்பெனிக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டடமே சொந்தமில்லை. உள்ளூர் முதலாளி ஒருவர் கட்டி, பெயரை மட்டும் வாடகைக்கு எடுத்திருப்பார். உங்கள் இனாம் சிற்றுண்டியும் பெரும்பாலும் அவர் செலவு. மந்த காலத்தில் அவர் அதை எங்கே ஈடுகட்டுவார்? ஆள் குறைப்பில்தான். என் மேஜையில் அந்த வரியையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் தம்பியிடம் சொன்னேன். 60 ராத்திரி தங்கி வாங்க வேண்டியது என்று ஹில்டன் பல வருஷம் சொல்லிவந்த டைமண்டு, அமெரிக்காவில் வருஷத்துக்கு 550 டாலர் கட்டிக் கடன் அட்டை வாங்கினால் முதல் நாளே கிடைக்கும். இங்கேயும் 2023-ல் எச்டிஎஃப்சி வங்கியோடு சேர்ந்து மாரியட் விட்ட அட்டையில் சில்வர் பட்டமும் பத்து இரவுக் கணக்கும் சேர்ந்தே வருகின்றன. கடையில் விலைக்குக் கிடைக்கும் ஒன்றைத் தன் உழைப்பின் அடையாளம் என்று நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டுமா?

வாடிக்கை என்றால் என்ன என்று எங்கள் ஊரில் நான் பார்த்ததும் 2020-ல்தான். சம்பளம் நின்று வந்தவர்களுக்கு மளிகைக்கடைக்காரர் அரிசி, எண்ணெய் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். மலையிலிருந்து சாமையும் புளியும் கொண்டுவருகிறவர்களுக்கும் அதே நோட்டுதான். அவரும் ஒன்றும் தர்மவான் இல்லை. வட்டி மாதிரி விலையில் ஐந்து பத்து ஏற்றித்தான் போட்டார். ஆனால் கஷ்டகாலத்தில் அங்கே கடன் போன திசையைப் பாருங்கள்: கடையிலிருந்து வாடிக்கையாளருக்கு. ஓட்டல் பட்டத்தில் அது தலைகீழ். வேலை போகுமோ என்று பயப்படுகிறவன்தான் கடைக்குக் கடன் கொடுக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்வது இது. கம்பெனி செலவில் ராத்திரிகள் சேர்ந்து பட்டம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சிற்றுண்டியைச் சாப்பிடுங்கள். சேர்ந்த பாயிண்டை வருஷக்கணக்கில் பூட்டி வைக்காமல் செலவழித்துவிடுங்கள். அதன் மதிப்பைக் குறைக்கும் உரிமை அவர்களிடம் இருக்கிறது. ஆனால் பயணமே இல்லாத வருஷத்தில், சொந்தக் காசில், தூங்காத மெத்தைக்கு வாடகை கட்டாதீர்கள். பட்டம் போனால் போகட்டும். பயணம் திரும்பி வரும் அன்று உங்களை இழுக்க அவர்களே ஒரு சலுகையோடு வந்து நிற்பார்கள். 1983-லிருந்து அவர்களுடைய தொழிலே அதுதான். ஒன்பது ராத்திரிக்கான அந்த 37,800 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் கிடந்தால், சம்பளம் வராத மாதத்தில் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்து போகும்.