நவம்பர் முதல் நாள்: வென்றதும் விட்டதும்

நெல்லைச் சீமையில் வாழும் நமக்கு, 1956 நவம்பர் 1 பாடநூலில் படித்து மறக்கும் நாளன்று. அதுவரை தென்காசியைக் கடந்து சில கல் தொலைவு மேற்கே சென்றால் திருவிதாங்கூர்; அன்று செங்கோட்டை நெல்லை மாவட்டத்தின் ஊராயிற்று. சமஸ்தானத்தின் சங்கு முத்திரை தாங்கிய வளைவு மட்டும் பழங்கதையைச் சொல்லிக்கொண்டு நின்றது. செங்கோட்டைப் பக்கத்து நீர் என்றுமே கிழக்கு நோக்கித்தான் ஓடியது. சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரியருகே பொருநையில் கலந்தது. ஆற்றுக்குத் தெரிந்திருந்த உண்மை அரசுக்குத் தெரியப் பல காலம் ஆயிற்று.

அந்நாளை வெற்றி விழாவாக மட்டுமே கொண்டாடும் வழக்கம் நமக்கு உடன்பாடானதன்று. நடந்தது ஓர் இணக்கம். பெற்றதோடு இழந்ததும் அதில் உண்டு.

பசல் அலி தலைமையில் குன்சுருவும் பணிக்கரும் அமர்ந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை தந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து வட்டங்கள் சென்னை மாநிலத்திற்குப் பரிந்துரைக்கப்பட்டன. தமிழர் மிகுந்து வாழ்ந்தும் தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அங்குள்ள தமிழருள் பலர் தோட்ட வேலைக்கு வந்து போவோர் என்றும், அம்மலைகள் கேரளத்தின் பொருளியலுக்கு இன்றியமையாதன என்றும் காரணம் கூறப்பட்டது. தெற்கே மொழி அளவுகோலாயிற்று. மலையில் அவ்வளவுகோல் சுருட்டி வைக்கப்பட்டது. இம்முரண் இன்றும் நம்மை உறுத்துகிறது. செங்கோட்டை வட்டமும் முழுமையாக வரவில்லை. ஆரியங்காவு உள்ளிட்ட மேற்குப் பகுதி கேரளத்திலேயே நின்றுவிட்டது.

ஆயினும் அவ்விணக்கத்தை ஏற்றது பிழையென்று நாம் கருதவில்லை. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. நேசமணி முதலானோர் நடத்திய போராட்டம் அத்தகைய விலை கொடுத்தே நான்கு தென் வட்டங்களைக் குமரி மாவட்டமாக்கித் தந்தது. மலைக்காகப் பிடிவாதம் பிடித்திருந்தால், கைக்கெட்டியதும் தள்ளிப்போயிருக்கக்கூடும். இன்று பெரியாற்று அணைச் சிக்கலைக் காண்போர் தேவிகுளம், பீர்மேட்டை எண்ணிப் பெருமூச்சு விடுகின்றனர். அப்பெருமூச்சில் நியாயம் உண்டு. ஆனால் 1956இல் மேசைமுன் அமர்ந்தவர்களின் இக்கட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2021இல் தமிழக அரசு சூலை 18ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 1967இல் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேற்றிய நாள் அது. பெயருக்கு ஒரு நாள் இருப்பதில் நமக்கு வருத்தமில்லை. எல்லைக்குரிய நாள் ஒப்புக்கு ஒரு மாலையோடு முடிந்துவிடலாகாது என்பதே நம் கவலை.

எல்லைக் கோட்டை இலக்கியம் என்றும் மதித்ததில்லை. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய ஞானி பீர் முகம்மது அப்பாவின் பாடல்களை ஈரூராரும் தமக்குரியனவாகவே போற்றி வந்தனர். இடையில் சமஸ்தானம் இருந்தது அப்பாடல்களுக்குத் தடையாகவில்லை.

1956இல் பள்ளிச் சிறாராயிருந்தோர் இன்று எண்பதை நெருங்கிவிட்டனர். நேற்றுவரை மலையாளத்தில் எழுதிய விண்ணப்பத்தைத் தமிழில் எழுதத் தொடங்கிய வீடுகளின் நினைவுகள் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. நம் துறை மாணவர்கள் வரும் விடுமுறையில் செங்கோட்டைக்கும் தக்கலைக்கும், இயன்றால் ஆரியங்காவுக்கும் சென்று அவற்றைப் பதிவு செய்து வரட்டும். அடுத்த மலரில் அவற்றிற்குப் பக்கங்கள் ஒதுக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.